கைதட்டலும் கதவும்



சென்ற வாரம் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பாளர்கள் மூவர் ஆலய அலுவலகத்தில் என்னைச் சந்தித்தனர். வாலிபர் ஞாயிறு நெருங்குகிறது. விளையாட்டுத் துறையில் பதக்கங்கள் வென்ற ஒருவரை இவ்வாண்டு சிறப்பு விருந்தினராக அழைக்க வேண்டும் என்பது அவர்களது விருப்பம். அவர் வந்தால் மற்றச் சபைகளிலிருந்தும் வாலிபர் திரளாக வருவார்கள் என்றனர். பொன்னாடை, பத்து நிமிடச் சாட்சி, பின்பு அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் என எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தனர். ஆலய வாசலில் வைக்கும் பதாகைக்கு விலைகூட விசாரித்துவிட்டனர். நான் உடனே பதில் கூறவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள் தம்பி, சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். அவர்கள் முகம் சற்று வாடியதைக் கவனித்தேன்.

விளையாட்டின்மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. நான் தயங்கியதற்குக் காரணம், சில மாதங்களாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு சைக்கிள் வீரரின் வரலாறு. அதை அந்த மூவருக்கு மட்டும் சொல்வதைவிடச் சபையார் அனைவருக்கும் சொல்வது நல்லது என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் மார்ஷல் டெய்லர். 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபோலிஸ் நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை, சவுதர்ட் என்னும் செல்வந்த வெள்ளையர் குடும்பத்தில் குதிரைவண்டி ஓட்டியவர். அக்குடும்பத்தின் மகனுக்கு விளையாட்டுத் தோழனாகச் சிறுவன் மார்ஷல் அந்த வீட்டிலேயே வளர்ந்தான். அவர்கள்தாம் அவனுக்குச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். பின்னர் அக்குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் தன் பெற்றோரின் ஏழ்மையான வீட்டிற்குத் திரும்பினான். அந்தச் சைக்கிளில் செய்தித்தாள் விநியோகித்தான். வேலை இல்லாத நேரத்தில், தானாகவே பலவித வித்தைகளை அதில் பழகிக்கொண்டான்.

ஒருநாள் சைக்கிளைப் பழுதுபார்ப்பதற்காக 'ஹே அண்ட் வில்லிட்ஸ்' என்னும் சைக்கிள் கடைக்குச் சென்றான். வேலை முடிந்து புறப்படும்போது, தான் பழகியிருந்த விதத்தில் வேடிக்கையாகத் தாவி ஏறினான். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். வேறென்ன தெரியும் என்று கேட்டுச் செய்யச் சொன்னார். பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. உடனே அவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. காலையில் கடையைப் பெருக்கித் துடைக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கடை முன் தெருவில் வித்தை காட்ட வேண்டும். அதற்கென்று பித்தளைப் பொத்தான்கள் பளபளக்கும் ராணுவ உடை ஒன்றை அணிவித்தனர். அந்த உடையைக் கண்ட மக்கள் அவனை 'மேஜர்' என்று அழைக்கலாயினர். சாகும்வரையில் அவர் மேஜர் டெய்லர்தான். ஒரு ரெஜிமெண்டிலும் சேராமலே பெற்ற பதவி!

அக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தங்கப் பதக்கம் வைக்கப்பட்டிருந்தது. பத்து மைல் சாலைப் பந்தயம் ஒன்றின் பரிசு அது. சிறுவனுக்கு அதன்மேல் கண். வாய்ப்புக் கிடைத்தபோது அதை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்து பார்த்ததாக, பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார். பந்தய நாளன்று வேடிக்கை பார்க்கச் சென்றவனைக் கடை முதலாளி கையைப் பிடித்து இழுத்து, புறப்படும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பையன் அழுதான். முழுத் தொலைவும் ஓட்ட வேண்டாம், சிறிது தூரம் போனால் போதும், கூட்டம் ரசிக்கும் என்று முதலாளி தேற்றினார். ஆனால் மார்ஷல் நிறுத்தவில்லை. பத்து மைலையும் ஓட்டி, முதலாவதாக வந்து, மயங்கி விழுந்தான். கண் விழித்தபோது அந்தப் பதக்கம் அவன் மார்பில் இருந்தது. அதோடு நேரே வீட்டிற்குச் சென்றான். தாய் மாறி மாறிச் சிரித்தாள், அழுதாள்.

இதுவரை வாசிக்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. என்னை நிறுத்தியது அடுத்த பக்கம்.

அவனுடன் விளையாடிய வெள்ளைச் சிறுவர் பலர், அந்நகரின் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினர்கள். மார்ஷலும் சேர விரும்பினான். கறுப்பினச் சிறுவன் என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. நண்பர்கள் தங்கள் பெற்றோரிடம் முறையிட்டுப் பார்த்தும் பயனில்லை. மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க மட்டும் அவனை விட்டனர். கீழே தன் தோழர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு அவன் மேலே நின்றான். நிறத்தின் பேரால் தனக்கு நேர்ந்த முதல் காயம் அதுவே என்று அவர் எழுதுகிறார்.

ஒய்.எம்.சி.ஏ. என்ற நான்கு எழுத்துகளை நாம் அடிக்கடி சொல்வதால் அவற்றின் விரிவு நமக்கு மறந்துபோகிறது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம் என்பது அதன் பொருள். கூட்டம் சேர்க்கச் சைக்கிள் கடைக்கு அந்தப் பையன் தேவைப்பட்டான்; ஆகவே வாசலில் நிறுத்தி உடை அணிவித்தது. அது வணிகம், அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. கிறிஸ்துவின் பேரைத் தாங்கிய கூடம் அவனை மாடியில் நிறுத்தியது. ஒரே ஊர், ஒரே பையன். மாலை நான்கு மணிக்குத் தெருவில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அச்சங்கத்திற்குச் சந்தா செலுத்தியவர்களோ!

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தீட்டிக் காட்டும் காட்சியைச் சபையார் அறிவீர்கள். பொன் மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்த ஒருவன் ஆலயத்துக்குள் வருகிறான். கந்தையான வஸ்திரம் தரித்த ஒருவனும் வருகிறான். முன்னவனுக்கு நல்ல இடம்; பின்னவனுக்கு நிற்க இடம், அல்லது பாதபடியண்டை. நாம் இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது பணக்காரனையும் ஏழையையும் வேறு வேறு ஆள்களாகவே எண்ணுகிறோம். டெய்லரின் வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது: இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கக்கூடும். பித்தளைப் பொத்தான் உடையில் இருக்கையில் வரவேற்கப்பட்டவனே, அதைக் கழற்றிவிட்டு வந்து உள்ளே இடம் கேட்கையில் அந்நியனாகிறான். கிரேக்க மூலத்தில் பட்சபாதம் என்பதைக் குறிக்கும் சொல், முகத்தை ஏற்றுக்கொள்ளுதல் என்னும் கருத்திலிருந்து பிறந்தது. முகத்தைப் பார்த்து ஆளை அளக்கும் பழக்கத்தையே யாக்கோபு கண்டிக்கிறார்.

பிற்காலத்து வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் மங்கர் என்ற வெள்ளையர், தாமே பந்தய வீரராக இருந்து சைக்கிள் தயாரிப்பாளர் ஆனவர். அவர் டெய்லரை வேலைக்கு எடுத்துப் பயிற்றுவித்தார். 1895இல் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்குச் சென்றனர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. அவரைத் தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்டது. (அதையும் சொல்ல வேண்டும், ஒரே பெயர்ப் பலகையின்கீழ் இரண்டு விதமான உள்ளங்கள் இருக்க முடியும்.) 1899இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலக சாம்பியன் ஆனார். விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற கறுப்பினத்தவர் அவருக்கு முன் ஒருவரே. கனடாவின் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சன். அந்நாள்களில் சைக்கிள் பந்தயம் அமெரிக்காவில் பல்லாயிரவரை ஈர்த்த விளையாட்டு. அவ்வளவு பேர் கைதட்டிய காலத்திலேயே, அந்நாட்டின் பெரிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம், கறுப்பினத்தவர் உறுப்பினராகக் கூடாது என்று 1894இல் விதி செய்திருந்தது. 1897இல் டான்டன் என்னும் ஊரில் ஒரு பந்தயம் முடிந்ததும், உடன் ஓட்டிய வீரர் ஒருவர் டெய்லரைக் கீழே தள்ளி, நினைவிழக்கும்வரை கழுத்தை நெரித்தார். அதற்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம்.

இத்தகைய மனிதர் எதைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பதுதான் நமக்கு வேண்டியது. தாயின் மரணத்தையொட்டி அவர் ஞானஸ்நானம் பெற்று, வூஸ்டரின் ஜான் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினர் ஆனார். தம் உச்ச காலத்தில் ஞாயிற்றுக்கிழமையில் பந்தயம் ஓட்ட மறுத்தார். அதனால் இழந்த பணமும் வாய்ப்புகளும் சிறியவை அல்ல. ஐரோப்பாவில் பெரும் பந்தயங்கள் ஞாயிறன்றே நடைபெற்றன. பிரான்சு நாட்டு அமைப்பாளர்கள் பெருந்தொகை தருவதாக அழைத்தபோதும் அவர் இணங்கவில்லை. இறுதியில் அவர்கள்தாம் இறங்கிவந்து, ஞாயிறு இல்லாத ஒப்பந்தம் எழுதினர். 1901இல் பாரிஸ் நகரில் பிரெஞ்சு வீரர் எட்மண்ட் ஜாக்லினை அவர் இரண்டு முறை எதிர்கொண்டார். முதல் பந்தயம் மே 16, இரண்டாவது மே 27. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்: முன்னது கிறிஸ்து பரமேறிய திருநாள் வியாழக்கிழமை, பின்னது பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் திங்கட்கிழமை. கூட்டம் வரவேண்டுமானால் விடுமுறை நாளாக இருக்க வேண்டும், ஆனால் ஞாயிறாக இருக்கக் கூடாது. ஒரு மனிதரின் மனச்சாட்சிக்காகப் பாரிஸ் நகரத்து வியாபாரிகள் திருச்சபை நாட்காட்டியைப் புரட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பந்தயத்தில் டெய்லர் தோற்றார், இரண்டாவதில் வென்றார்.

ஓய்வுநாளுக்காகப் போட்டியை மறுத்தவர் என்றவுடன் நம் பிரசங்கங்களில் எரிக் லிடெல் வந்துவிடுவார். 1924 ஒலிம்பிக்கில் அவர் நூறு மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்ததை நானே இப்பிரசங்க பீடத்திலிருந்து நான்கைந்து முறையாவது கூறியிருக்கிறேன். அவருக்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அதையே செய்த டெய்லரின் பெயரை ஒருமுறையும் கூறியதில்லை, எனக்கே தெரியாது. ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு வந்துசேர்ந்த நூல்களை எழுதியவர்கள் யாரை மேடையில் நிறுத்தினார்களோ, அவரையே நானும் நிறுத்தியிருக்கிறேன்.

ஞாயிறு ஆசரிப்பைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. மருத்துவமனையிலும் பேருந்திலும் ஞாயிறன்று உழைக்கும் பிள்ளைகள் நம் சபையிலேயே இருக்கின்றனர். அவர்கள்மேல் இதைச் சட்டமாக ஏற்ற எனக்கு மனமில்லை. டெய்லரின் ஞாயிற்றை நான் வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அவர் கூட்டத்தின் சொத்து. எந்த வாசல் திறக்கும், எது மூடும் என்பதைப் பிறர் தீர்மானித்தனர். ஏழாம் நாளின் கதவு மட்டும் அவர் கையில் இருந்தது. அதைச் சாத்திவிட்டு, எவரும் கைதட்டாத ஓரிடத்தில், எல்லோரையும்போல் ஒருவராக இருக்க அவர் விரும்பினார். அவ்விடம் ஆலயம். புகழ் பெற்ற ஒருவருக்கு நாம் தரக்கூடிய பெரிய கொடை அந்தச் சாதாரண இருக்கையே என்று நான் கருதுகிறேன். அதை எடுத்துவிட்டு ஆலயத்திலும் இன்னொரு மேடையைக் கொடுத்தால், சைக்கிள் கடை செய்ததற்கும் நாம் செய்வதற்கும் என்ன வேறுபாடு?

1910இல் அவர் ஓய்வு பெற்றார். தொழில் முயற்சிகள் தோற்றன, சேர்த்த பொருள் கரைந்தது, உடல்நலமும் குன்றியது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதி, தம் செலவிலேயே அச்சிட்டார். 1930 வாக்கில் மனைவியையும் மகளையும் பிரிந்து சிகாகோ சென்று, நகரின் தென்பகுதியில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார். அங்கே, தாம் எழுதிய புத்தகத்தைச் சுமந்துகொண்டு வீடுவீடாகச் சென்று விற்றார்.

இக்காட்சியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. சிறுவனாக அவர் ஒரு கடை முன் நின்றபோது ஊர் அவரைத் தேடி வந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் ஊரைத் தேடிக் கதவு கதவாகத் தட்டினார். திறந்தவர்களில் சிலர் அவரை அடையாளம் கண்டிருக்கலாம்; பழைய ரசிகரும் இருந்திருக்கலாம். பலருக்கு அவர் புத்தகம் விற்க வந்த ஒரு முதியவர், அவ்வளவே. வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் வாசற்படியில் நின்று தட்டுகிறவரைப் பற்றி வாசிக்கிறோம். அவ்வசனத்தை அவிசுவாசிகளின் இருதயக் கதவு என்று விளக்குவது வழக்கம். ஆனால் கடிதத்தின் முகவரி லவோதிக்கேயா சபை. அவர் நிற்பது ஒரு சபையின் வாசலுக்கு வெளியே.

1932 ஜூன் 21ஆம் நாள், சிகாகோவின் அரசு மருத்துவமனையில், ஏழைகளுக்கான இலவசப் பிரிவில் டெய்லர் இறந்தார். வயது 53, என் வயதை ஒட்டியது. உடலைப் பெற்றுக்கொள்ள எவரும் வராததால், மவுண்ட் கிளென்வுட் கல்லறைத் தோட்டத்தில், பெயர்க் கல் இல்லாத குழியில் அடக்கம் செய்தனர். 16 ஆண்டுகள் கழித்து, 1948இல், முன்னாள் பந்தய வீரர்களின் சங்கம் ஒன்று அக்குழியைக் கண்டுபிடித்தது. ஃபிராங்க் ஷ்வின் என்னும் சைக்கிள் நிறுவன உரிமையாளர் பொருளுதவி செய்தார். உடலைத் தோண்டியெடுத்து, அதே தோட்டத்தின் நல்லதோர் இடத்தில் மறுபடி அடக்கம் செய்து, வெண்கலப் பலகை பதித்தனர். சைக்கிள் கடையில் தொடங்கியவரைக் கடைசியிலும் சைக்கிள்காரரே தேடி வந்திருக்கின்றனர். அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அவரை உறுப்பினராக ஏற்காத சங்கம் 1894ஆம் ஆண்டின் தடையை முறைப்படி நீக்கியது 1999இல்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று எவரேனும் கேட்கக்கூடும். தமிழகத்து ஆலயங்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்று அமர்ந்து, திருவிருந்துக்கும் அந்த வரிசையிலேயே வந்தவர்கள் நம் முன்னோர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அவ்வேறுபாடுகளை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் பலர் கிறிஸ்துவை விடவில்லை, சாதியையும் விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே அடக்கம் செய்வது என்னும் வழக்கு எல்லா ஊர்களிலும் முடிந்துவிட்டதாக என்னால் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை மாநில அளவில் பதக்கம் வென்றால் 'நம் பிள்ளை' என்று சபை முழுதும் உரிமை கொண்டாடுகிறோம். அதே பிள்ளை நம் வீட்டில் சம்பந்தம் பேச வந்தால் எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். ஆயராக இருப்பதனால், இவ்விரண்டு உரையாடல்களையும் ஒரே வீட்டின் திண்ணையிலேயே கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஆலயத்தில் நீண்ட காலம் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் பொன்னாடை அணிவித்தவன் நான்தான். சபையார் எழுந்து நின்று கைதட்டினீர்கள். விரல்கள் நடுங்கத் தொடங்கி, இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. கடந்த ஓராண்டில் நான் அவரைச் சென்று கண்டது இரண்டே முறை. இரண்டாவது முறை புறப்படும்போது, "அந்தப் பொன்னாடையை என் பெட்டியில் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன் ஐயா" என்றார். பெட்டி என்று எதைச் சொன்னார் என்பது தெருமுனைக்கு வந்தபின்தான் எனக்கு விளங்கியது.

ஆகவே வாலிபருக்கு என் பதில். அந்த வீரரை அழையுங்கள், மகிழ்ச்சியே. ஆனால் பதாகை வேண்டாம், மேடையில் தனி நாற்காலி வேண்டாம். குடும்பத்தோடு வந்து நம் நடுவில் அமரட்டும். திருவிருந்து ஞாயிறாக இருப்பின் இன்னும் நல்லது. வரிசையில் யாருக்குப் பின் நிற்கிறாரோ அவருக்குப் பின் முழங்கால்படியிடட்டும். சாட்சி சொல்ல அவருக்கே விருப்பமிருந்தால் சொல்லட்டும். நாம் வற்புறுத்த வேண்டாம். ஆராதனை முடிந்து தேநீர் அருந்துகையில் படம் எடுத்துக்கொள்வதை நான் தடுக்கப்போவதில்லை. என் மனைவியே எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பதாகைக்கென்று ஒதுக்கிய தொகையை வேறு எதற்கேனும் பயன்படுத்தலாமா என்று செயலர் கேட்டிருந்தார். அதை வாலிபரே கூடித் தீர்மானிக்கட்டும். வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் ஆர்கன் வாசித்த ஐயாவின் வீட்டிற்குச் செல்கிறேன். வாலிபர் இருவர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். அவர் வீட்டில் பழைய கீபோர்டு ஒன்று உண்டு. அதைச் சரிபார்க்கத் தெரிந்த எவரேனும் சபையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.